ட்ரோனைக் கிணற்றில் இறக்குவது எப்படி?

பழைய பஜாஜ் சேட்டக் வைத்திருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். வண்டி பாதி வழியில் இருமும். பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்புவார்கள். ரிசர்வும் தீர்ந்ததா, வண்டியை ஒரு பக்கமாகத் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்து, பத்து எண்ணி, நிமிர்த்தி ஓர் உதை. ஓடும். பெட்ரோல் பங்க்வரை ஓடும். சில நாள் பங்க்கையும் தாண்டி வீடுவரைக்கும் ஓடும், ஏனென்றால் ‘இன்னும் இருக்கு’ என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். அதே வீட்டில் பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழிப்பார்கள். டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வெயில் காயவைப்பார்கள். மறுநாள் ரிமோட் வேலை செய்யும். அந்த ஒரு நாளின் சந்தோஷத்தைப் புது பேட்டரி தராது.

நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன். இந்த வழிகாட்டி அப்படி வளர்ந்தவர்களுக்காகத்தான். ட்ரோனைப் பத்திரமாகத் தரையில் இறக்குவது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கிணற்றில் இறக்குவது எப்படி என்று அனுபவத்தோடு சொல்லச் சிலர்தான் இருக்கிறோம்.

தேவையான பொருட்கள்: 450 மில்லிமீட்டர் சட்டத்தில் கட்டிய நாலு விசிறி ட்ரோன் ஒன்று. ஆர்டுபைலட் என்ற மென்பொருளை ஏற்றிய ஃப்ளைட் கன்ட்ரோலர், அதாவது ட்ரோனின் மூளை, ஒன்று. 4எஸ் லிப்போ பேட்டரி, 5200 மில்லி ஆம்பியர்-அவர், இரண்டு கோடையாவது பார்த்தது. தென்னந்தோப்பு. கிணறு. சித்தப்பா ஒருவர், மச்சினன் ஒருவன். பாதாளக் கரண்டி, தேவைக்கேற்ப.

செய்முறைக்கு வருவோம். முதலில், பேட்டரி உறையில் அச்சடித்திருக்கும் எண்ணை முழுசாக நம்புங்கள். 4எஸ் என்றால் நாலு செல்களை வரிசையாகக் கோத்தது என்று பொருள். உறையில் 14.8 வோல்ட் என்று இருக்கும். அது செல்லுக்கு 3.7 என்ற சராசரிக் கணக்கு. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் செல்லுக்கு 4.2, மொத்தம் 16.8. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. 14.8தான் ‘ஃபுல் டேங்க்’ என்று மனசில் வைத்துக்கொண்டால், பறக்கும்போது 13 என்று காட்டினாலும் ‘ரெண்டு வோல்ட்டுகூட எறங்கலையே’ என்று நிம்மதியாக இருக்கலாம்.

லிப்போ காலியாகும் விதம் இந்த நிம்மதிக்கு ரொம்பவும் ஒத்துழைக்கும். முழு சார்ஜிலிருந்து செல்லுக்கு 4 வோல்ட் என்ற அளவுக்குச் சீக்கிரம் வரும். பிறகு 3.9, 3.8, 3.7 என்று நிதானமாக, வரப்பில் நடக்கிறவர் மாதிரி போய்க்கொண்டிருக்கும். இந்த நிதானத்தைப் பார்த்துத்தான் நமக்கு அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. 3.5 பக்கம் வந்ததும் வரப்பு முடிந்து வாய்க்கால் வந்துவிடும். அதற்குப் பிறகு இறங்குவதற்கு நிமிஷக் கணக்கு கிடையாது, நொடிக் கணக்குதான்.

செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் என்ன ஆகும் என்று மச்சினன் கேட்பான். சொல்லிவிடுங்கள், அவனுக்கும் தெரியட்டும். செல்லுக்குள் மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கிற ஒரு தாமிரத் தகடு இருக்கிறது. ரொம்பவும் காலியான செல்லில் அந்தத் தாமிரமே கரைய ஆரம்பிக்கும். அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் போகக் கூடாத இடத்தில் போய்ப் படியும். உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வாயு உண்டாகிப் பேட்டரி பூரி மாதிரி உப்பும். உப்பின பூரியைக் குத்தினால் ஆவி வரும். உப்பின லிப்போவைக் குத்தினால் தீ வரும். இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டு, மேலே படியுங்கள்.

அடுத்தது அளவு. ட்ரோனுக்குத் தன் பேட்டரியின் வோல்ட்டேஜ் நேரடியாகத் தெரியாது. 16.8 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் அதன் மூளை பொசுங்கிவிடும். அதனால் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து வோல்ட்டேஜைப் பங்கு பிரித்து, சின்னப் பங்கை மட்டும் அளந்து, அதைத் திரும்பப் பெருக்கிச் சொல்கிறது. பெருக்கும் எண் கொஞ்சம் பிசகினால் சொல்வதெல்லாம் பிசகும். நூற்றைம்பது ரூபாய் மல்ட்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைத்து, அதில் வரும் எண்ணை, லேப்டாப்பில் ட்ரோனை அமைக்கும் மிஷன் பிளானரில் தட்டினால் அது தானாகவே கணக்கைத் திருத்திக்கொள்ளும். இரண்டு நிமிஷ வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை. என்னுடையது ரொம்ப நாள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல செய்தி சொல்கிறவனை யார் சந்தேகப்படுகிறார்கள்?

இப்போது எச்சரிக்கை எண். ஆர்டுபைலட்டில் இதற்கு ‘பேட் லோ வோல்ட்’ என்று ஒரு இடம் உண்டு. அந்தப் பெட்டியில் 10.5 என்று முன்கூட்டியே போட்டுத் தந்திருப்பார்கள். பெரியவர்கள் போட்ட எண், நாம் கைவைக்கலாமா? வைக்க வேண்டாம். 10.5 என்பது மூன்று செல் பேட்டரிக்கான எண், செல்லுக்கு 3.5. உங்களிடம் இருப்பது நாலு செல். நாலால் வகுத்தால் செல்லுக்கு 2.6 சொச்சம். அந்த எச்சரிக்கை வரும்போது ட்ரோன் ஏற்கெனவே கீழே கிடக்கும். தவறாமல் எச்சரித்தது என்ற பெருமையாவது அதற்கு மிஞ்சும்.

இன்னும் நுணுக்கமாகச் சொதப்ப விரும்புகிறவர்கள் ‘பேட் லோ டைமர்’ பக்கம் போகலாம். வோல்ட்டேஜ் எத்தனை நொடி தொடர்ந்து குறைவாக இருந்தால் அபாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த எண்; வழக்கமாக 10. என் நண்பர் ஒருவர், சாவுக்கு முன்னாலேயே சங்கு ஊதுகிற ஜாக்கிரதைக்காரர், ‘பத்து நொடி எதுக்கு, உடனே பிடிக்கட்டும்’ என்று அதை 0 ஆக்கினார். அந்த மென்பொருளில் 0 என்றால் உடனே என்று அர்த்தமில்லை. ‘வோல்ட்டேஜைப் பார்க்கவே பார்க்காதே’ என்று அர்த்தம்.

பத்து நொடி ஏன் வேண்டும்? இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் என் ட்ரோன் விழுந்தது இந்தக் கணக்கில்தான். பேட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. புதுசில் குறைவு, வயசாக ஆகக் கூடும், குளிரிலும் கூடும். எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தத் தடையிலேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். என் கிழட்டு பேட்டரிக்கு மொத்தத் தடை 40 மில்லி ஓம் என்று வையுங்கள். ட்ரோன் அந்தரத்தில் சும்மா நிற்க 18 ஆம்பியர். 18ஐ 0.04ஆல் பெருக்கினால் 0.72 வோல்ட் போச்சு. மேலே ஏற 30 ஆம்பியர், 1.2 வோல்ட் போச்சு. இந்தத் தற்காலிக வீழ்ச்சியைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கத்தான் அந்தப் பத்து நொடி. மோட்டாரை நிறுத்தியதும் போன வோல்ட்டெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். ஆகவே பறக்கும்போது 13.6 காட்டிய பேட்டரி, இறக்கி வைத்து அளந்தால் 14.3 காட்டும். ‘பாத்தியா, அவசரப்பட்டு எறக்கிட்டே’ என்று பக்கத்தில் இருக்கிறவர் சொல்வார். ஒரு தடவைகூட இது தவறியதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கவும் ஆர்டுபைலட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூடவே, செலவான மில்லி ஆம்பியர்-அவரை எண்ணி, மிச்சம் இவ்வளவுக்குக் கீழே போனால் திரும்பு என்றும் சொல்லலாம். பிந்தையதில் கிணற்றுக்கு உதவும் ஒரு நயம் உண்டு: நீங்கள் மாட்டுகிற பேட்டரி ஒவ்வொரு தடவையும் முழுதாக நிரம்பியது என்றே அது நம்பும். நேற்றுப் பாதி பறந்த பேட்டரியை மாட்டிப் பாருங்கள், 5200 இருக்கிறது என்று சத்தியம் பண்ணும். பந்தய ட்ரோன்காரர்கள் வைத்திருக்கும் பீட்டாஃப்ளைட் இன்னும் அப்பாவி. எத்தனை செல் என்பதை வோல்ட்டேஜை வைத்தே ஊகிக்கும். செல்லுக்கு 3.2க்குத் தேய்ந்த 4எஸ் பேட்டரியை மாட்டினால் மொத்தம் 12.8. ‘ஆஹா, நிரம்பி வழியும் 3எஸ்!’ என்று வரவேற்கும். சாகக் கிடக்கிறவரைக் கல்யாண மாப்பிள்ளை என்று கைகுலுக்குகிற உபசாரம். செல் எண்ணிக்கையை நாமே அடித்துச் சொல்லிவிட அதிலும் இடம் இருக்கிறது. இன்னொன்று, பேட்டரி குறைந்துவிட்டால் பீட்டாஃப்ளைட் கத்தும், ஓட்டுகிறவர் மாட்டியிருக்கும் கண்ணாடியில் எழுத்து மின்னும், அவ்வளவுதான். தானாக இறங்கும் என்று காத்திருக்காதீர்கள்.

கத்துவதற்கென்றே தனியாக ஒரு பொருளும் விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் லிப்போ அலாரம் என்று எடுத்துத் தருவார்கள். பேட்டரியின் பேலன்ஸ் வயரில் செருகுவது. தீப்பெட்டியைவிடச் சின்னது, கல்யாண மண்டபத்தையே எழுப்பும். மேலே சொன்ன மென்பொருள்களுக்குச் சாதாரணமாகத் தெரியாத ஒன்று இதற்குத் தெரியும்: ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக என்ன நிலையில் இருக்கிறது என்பது. மூன்று செல் 3.6, ஒரு செல் 2.8 என்று வையுங்கள். கூட்டினால் 13.6. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் பட்டினி கிடப்பது வரவு செலவு நோட்டில் தெரிவதில்லை. அலாரம் அந்த ஒரு செல்லுக்காகக் கத்தும். நாம் அது கத்துகிறதே என்று எரிச்சலாகிக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். நான் போட்டேன்.

நடுவில் ஓர் எச்சரிக்கை, இதில் கேலி இல்லை. மோட்டாரை ஓட்டும் ஈ.எஸ்.சி.க்களில் சில, விமானத்துக்கென்று செய்தவை, வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரைத் தாமே நிறுத்தும். விமானத்துக்கு அது சரி. மோட்டார் நின்றாலும் இறக்கை இருக்கிறது, மிதந்து வந்து இறங்கும். ஹெலிகாப்டர்கூட விசிறியைக் காற்றில் சுழலவிட்டுச் சமாளிக்கும். நாலு விசிறி ட்ரோன் விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மட்டுமே நிமிர்ந்து நிற்கிறது. ஒரு மோட்டார் நின்றால் பல்டி, நாலும் நின்றால் செங்கல். பேட்டரியைக் காப்பாற்ற ட்ரோனைக் கொல்லும் அந்தப் பாதுகாப்பை ஈ.எஸ்.சி.யில் அணைத்துவிட வேண்டும். எப்போது இறங்குவது என்பதை ஃப்ளைட் கன்ட்ரோலர் முடிவு செய்யட்டும்.

அது முடிவு செய்ய இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். முதல் எண்ணைத் தொட்டால் ஒரு செயல், அதைவிடக் கீழான இரண்டாவது எண்ணைத் தொட்டால் இன்னொரு செயல். வழக்கமாக முதலாவதற்கு ‘கிளம்பின இடத்துக்குத் திரும்பு’ என்பார்கள். இரண்டாவதற்கு ‘இருக்கிற இடத்திலேயே இறங்கு’. நான் முதலில் 14, 13.2 என்றுதான் போட்டிருந்தேன். செல்லுக்கு 3.5, 3.3. புத்திசாலித்தனமான எண்கள். அப்போது சித்தப்பா வந்தார்.

வத்தலகுண்டு பக்கம் அவருக்கு ஒரு தோப்பு. தோப்பை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

“ஏப்பா, இது எத்தனை நிமிசம் பறக்கும்?”

“பன்னெண்டு நிமிசம், சித்தப்பா.”

“அப்புறம்?”

“தானா திரும்பி வந்து எறங்கிரும்.”

“பேட்டரி தீந்துருமா?”

“இல்ல, இருபது பெர்சன்ட் இருக்கும்.”

“இருக்கும்போதே ஏன்டா எறங்குது?”

தாமிரத் தகடு, வரப்பு, வாய்க்கால் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. சேட்டக்கைச் சாய்த்த கை அவருடையது. அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன் நான். மச்சினன் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டான். “மாமா, பதினாலுங்கிறதைப் பதிமூணு புள்ளி ஆறுன்னு வைங்க. ஒரு நிமிசம் கூடக் கிடைக்கும். கெணத்துப் பக்கமும் ஒரு ரவுண்டு போயிரலாம்.” வைத்தேன்.

திரும்பும் உயரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆர்டுபைலட் சாதாரணமாக 15 மீட்டர் உயரத்தில் வீடு திரும்பும். நாட்டுத் தென்னை 20 மீட்டரைத் தாண்டி நிற்கும். மாற்றாமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குக் கிணறு தேவைப்பட்டிருக்காது, மரமேறி ஒருவர் போதும். நான் ரொம்ப யோசித்து 60 மீட்டர் என்று வைத்தேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான், காலை வாரியதும் அதுதான்.

கிணற்றுக்கு மேல் 12 மீட்டர் உயரத்தில் ட்ரோன் நின்றது. சித்தப்பா திரையில் தன் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். 13.6. பத்து நொடி. ‘திரும்புகிறேன்’ என்று கிளம்பியது. திரும்புவதற்கு முன்னால் 60 மீட்டருக்கு ஏற வேண்டும் அல்லவா? ஏறியது. ஏற 30 ஆம்பியர். நிற்கும்போது 0.72 வோல்ட்தான் விழுந்தது, இப்போது 1.2. வித்தியாசம் 0.48. நான் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விட்டு வைத்திருந்த இடைவெளியோ 0.4. எண் 13.12 என்றது. பாதி ஏறுவதற்குள் இன்னொரு பத்து நொடி முடிந்தது. இரண்டாம் கட்டம்: இருக்கிற இடத்திலேயே இறங்கு.

பழைய 14ஐ விட்டு வைத்திருந்தால் ஏறியும் 13.5 மிச்சம் இருந்திருக்கும், வீட்டுக்கு வந்திருக்கும். மச்சினனின் அந்த ஒரு நிமிஷம், திரும்பி வருவதற்காகக் கட்டி வைத்திருந்த பணம்.

ட்ரோன் நேராக, மரியாதையாக, கொஞ்சமும் ஆடாமல் இறங்கியது. இறங்கும்போது ஸ்டிக்கை அசைத்தால் பக்கவாட்டில் நகர்த்தி வேறு இடத்தில் இறக்கலாம் என்று இந்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. அதைப் பற்றி அன்று இரவு படித்தேன். அப்போது நான் இரண்டு கைகளாலும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, “சித்தப்பா, சித்தப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததாக மச்சினன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். கிணற்றுச் சுவரைத் தாண்டி உள்ளே போனதும் விசிறிச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. பிறகு ஒரு ‘ப்ளக்’. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை பறக்கலாம் என்கின்றன 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள். கீழே எத்தனை அடி என்று அவற்றில் ஒன்றும் இல்லை.

இனி மீட்பு. அக்கம்பக்கத்தில் பாதாளக் கரண்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பறக்கும் முன்பே விசாரித்து வையுங்கள். குடம் விழுந்தால் எடுக்கும் அந்தக் கொத்துக் கொக்கி, ட்ரோனின் கால்களுக்கென்றே செய்த மாதிரி பொருந்தும். கயிறு நாற்பது அடியாவது இருக்கட்டும். கொக்கி கேமராவைத் தேடிப் போய்த்தான் மாட்டும்; எதிர்பார்த்து மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். வெளியே வந்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நனைந்த லிப்போவை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, சார்ஜரில் மாட்டவே கூடாது. திறந்தவெளியில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல், மணல்மேல் வைத்துத் தள்ளி நில்லுங்கள்.

நாங்களும் களத்து மேட்டில் மணலைக் கொட்டி அதன்மேல் வைத்தோம். நான் ட்ரோனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் என் பையைத் துழாவி, இத்தனை நாளும் பிரிக்காமல் கிடந்த மல்ட்டிமீட்டரை எடுத்து, தள்ளி நிற்கச் சொன்னதையும் கேட்காமல், இரண்டு முனையிலும் வைத்தான்.

“மாமா, பதினாலு புள்ளி ரெண்டு!”

சித்தப்பா கிணற்று மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னும் இருக்குல்ல? அப்புறம் எதுக்குடா எறங்குச்சு?”